தசைக்குப் பெயர் பெற்ற மரபணுவும் மூளையில் படியும் சுண்ணமும்

ஜொகூர் பாருவில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு சிடி ஸ்கேன் எடுப்பது இன்று வழக்கமான காரியம். உள்ளே ரத்தம் கசிகிறதா, மண்டை ஓட்டில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் படம். சில படங்களில் தேடாத ஒன்றும் தென்படும். மூளையின் நடுப்பகுதியில், வலமும் இடமும் ஒரே மாதிரியாக, எலும்பு போல வெள்ளை வெளேரென்று திட்டுகள் இருக்கும். அறிக்கையில் அதை ஒரு வரியில் 'இருபக்கக் கால்சியப் படிவு' என்று குறித்துவிடுவார்கள். காயம் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒரு வரிதான் குடும்பத்தைத் தூங்கவிடாது. ஒருவர் பாலை நிறுத்தச் சொல்வார். இன்னொருவர் எலும்புக்குச் சாப்பிடும் கால்சிய மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்வார். வீட்டில் வெற்றிலை போடும் பாட்டி இருந்தால் பழி அவருடைய சுண்ணாம்பு டப்பாவின் மீது விழும்.

முதலில் அந்தப் பழியை இறக்கிவிடலாம். வெற்றிலையில் தடவிய சுண்ணாம்போ குடித்த பாலோ மூளைக்குப் போய்ப் படிவதில்லை. அங்கே படிவது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. அது படிவதும் படியாததும் பெரும்பாலும், மூளையின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களும் அவற்றைச் சுற்றியுள்ள செல்களும் பாஸ்பேட்டை எப்படிக் கையாளுகின்றன என்பதைப் பொறுத்தது. வயதானவர்களின் ஸ்கேனில் சின்னச் சின்னப் புள்ளிகளாக இது தெரிவது சகஜம். அவர்களில் மிகப் பலருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. இளம் வயதிலோ நடு வயதிலோ தெரிந்தாலும், புள்ளியாக இல்லாமல் பெரிய திட்டுகளாக இருந்தாலும், அல்லது பேச்சு, நடை, நினைவு இவற்றில் மாற்றம் சேர்ந்து வந்தாலும்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

அந்தத் தேடலில் முதல் கதவு ரத்தப் பரிசோதனை. கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் பொதுவாக நான்கு சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு எனப்படும் இவைதான் ரத்தத்தின் கால்சிய, பாஸ்பேட் அளவைக் கட்டுக்குள் வைக்கின்றன. இவை சரியாகச் சுரக்காவிட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும், பாஸ்பேட் ஏறும், ஆண்டுக்கணக்கில் மூளையில் உப்பு படியும். தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது நேரக்கூடும். கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி ஆகியவற்றை அளந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மாத்திரையால் சரிப்படுத்தவும் முடியும். மரபணு பற்றிய கட்டுரையில் இதை முன்னால் வைக்கக் காரணம் உண்டு. மரபணு என்ற சொல் வந்தவுடன் 'பிறவியிலேயே வந்தது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. வைத்தியம் செய்யக்கூடிய காரணம் அந்த எண்ணத்துக்கு அடியில் புதைந்துபோகக் கூடாது. மைட்டோகாண்ட்ரியா கோளாறுகள், கருவிலிருந்தபோது தாக்கிய சில தொற்றுகள் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. அவை எல்லாம் இல்லையென்று ஆன பிறகு மிஞ்சுவதுதான் குடும்பவழி முதன்மை மூளைக் கால்சியப் படிவு நோய்.

பழைய மருத்துவப் புத்தகங்களில் இதற்கு 'ஃபார் நோய்' என்று பெயர். 1930இல் தியோடோர் ஃபார் என்ற ஜெர்மானிய நோயியலாளர் ஒரு நோயாளியின் மூளையில் கண்டதை எழுதியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு முன்பே, 1850இல், டெலகூர் என்ற பிரெஞ்சு மருத்துவர் இத்தகைய படிவை விவரித்திருந்தார். ஃபார் கண்ட நோயாளிக்கு இருந்தது இதே நோய்தானா என்பதே சந்தேகத்துக்குரியது என்பதால் நரம்பியல் அறிஞர்கள் பலர் அந்தப் பெயரை விட்டுவிடச் சொல்கிறார்கள். மருத்துவமனைத் தாள்களில் அது இன்னும் வாழ்கிறது. இணையத்தில் தேடுகிற குடும்பத்தாருக்கும் முதலில் கிடைப்பது அதுதான்.

நோய் குடும்பத்தில் இறங்கி வருகிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும் எந்த மரபணு வழியாக என்பது 2012வரை பிடிபடவில்லை. அந்த ஆண்டு சீன ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஒன்று எஸ்.எல்.சி.20ஏ2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தது. பிட்2 என்ற புரதத்துக்கான குறிப்பு அதில் இருக்கிறது. பாஸ்பேட்டைச் செல்லுக்குள் இழுப்பது அந்தப் புரதத்தின் வேலை. 2013இல் மேலும் இரண்டு மரபணுக்கள் தெரிய வந்தன. பி.டி.ஜி.எஃப்.பி. என்ற வளர்ச்சிக் காரணியும் அதன் ஏற்பியும் ரத்தக் குழாய்ச் சுவரைத் தாங்கும் செல்களைப் பேணுபவை. 2015இல் எக்ஸ்.பி.ஆர்.1 வந்தது. பிட்2 உள்ளே இழுக்கும் பாஸ்பேட்டை வெளியே தள்ளுவது அது. இந்த நான்கும் ஓங்கு வகை: தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து பழுதான ஒரு பிரதி வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பிரதி போய்ச்சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறைதோறும் நோய் தெரிவதால் இத்தகைய குடும்பங்களை அடையாளம் காண்பது ஓரளவு எளிது.

தலைமுறைதோறும் தெரியாமல், ஒரே தலைமுறையில் அண்ணன், தங்கை இருவருக்கும் மட்டும் வந்து பெற்றோருக்கு ஒன்றுமே இல்லாத குடும்பங்களும் இருந்தன. இந்த நான்கு மரபணுக்களில் எதுவும் அவற்றுக்குப் பொருந்தவில்லை. விடை கடைசியில் கிடைத்தது தசையைப் பற்றி ஆராய்ந்தவர்கள் முன்பே தொட்டு வைத்திருந்த ஒரு மரபணுவில்.

ஒன்பதாம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கும் அந்த மரபணுவுக்கு முதலில் கிடைத்தது வெறும் பதிவெண்தான்: கே.ஐ.ஏ.ஏ.1161. ஜப்பானின் சிபா மாநிலத்தில் உள்ள கசூசா டிஎன்ஏ ஆய்வு நிலையம், வேலை என்னவென்று தெரியாத மனித மரபணுக்களை வரிசையாகப் படித்து எண் கொடுத்துவந்தது; இதுவும் அந்த வரிசையில் ஒன்று. அடுத்து 2003இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் லாரி ஜெரேஸின் குழு, செல்லின் உட்கருவைப் போர்த்தியிருக்கும் சவ்வில் என்னென்ன புரதங்கள் பதிந்திருக்கின்றன என்று அலசியது. அதுவரை யாரும் விவரித்திராத 67 புரதங்கள் அதில் அகப்பட்டன. நெட்37 என்று அவர்கள் பெயரிட்டது இந்த மரபணுவின் புரதத்தைத்தான். தசைச் செல்கள் முதிரும்போது இதன் அளவு கூடுகிறது என்று பிறகு தெரிந்ததும் அதே குழு அதைத் தனியாகத் துருவத் தொடங்கியது.

2009இல் வந்த அந்த ஆய்வு கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. அவர்கள் பயன்படுத்தியது எலித் தசையிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு செல் வம்சம். 1977இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யாஃபேயும் சாக்செலும் உருவாக்கிய வம்சத்தின் கிளை அது. உலகெங்கும் தசை ஆய்வுக்கு அதைத்தான் எடுப்பார்கள். ஊட்டத்தைக் குறைத்தால் தனித்தனியாகக் கிடக்கும் இந்தச் செல்கள் பெருகுவதை நிறுத்தி, நீண்டு, ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட தசை இழையாகும். நெட்37ஐ அடக்கி வைத்தபோது இது பெரிதும் தடைப்பட்டது. அதை மறுபடி கொடுத்தால் செல்கள் தேறின. நொதியாக வேலை செய்யும் இடத்தைக் கெடுத்துக் கொடுத்தால் தேறவில்லை. ஆகவே புரதம் வெறுமனே இருந்தால் போதாது, அதன் வெட்டும் வேலையும் நடக்க வேண்டும் என்று ஆயிற்று. தசைச் செல்கள் தமக்குத் தாமே வெளியிட்டுக்கொள்ளும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி 2 என்ற பொருள் வெளியேறுவதும் குறைந்திருந்தது. சர்க்கரைப் பிணைப்புகளை வெட்டும் நொதிக் குடும்பம் ஒன்றின் சாயல் இந்தப் புரதத்தில் இருந்ததால், தசை உருவாவதை ஒழுங்குபடுத்தும் கிளைகோசிடேஸ் என்ற பொருளில் 'மயோர்க்' என்ற பெயர் நிலைத்தது.

இதெல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்ந்த எலிச் செல்களில் கண்டது. மனிதரில் இந்த மரபணு பழுதானால் தசை நோய்தான் வரும் என்று அப்போது யாராவது ஊகித்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது. 2018இல் தெரியவந்தது வேறு. சீனாவின் ஃபூசியன் மாநிலத் தலைநகர் ஃபூச்சோவில் உள்ள ஃபூசியன் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முதல் இணைப்பு மருத்துவமனையில் சென் வான்ஜின், வாங் நிங் ஆகியோரின் குழுவும், ஷாங்காயில் சியோங் ஜிச்சியின் குழுவும் சேர்ந்து 'நியூரான்' இதழில் ஆய்வை வெளியிட்டன. பெற்றோருக்கு நோய் இல்லாமல் பிள்ளைகளுக்கு மட்டும் மூளையில் கால்சியம் படிந்த ஆறு குடும்பங்களில், நோயுற்ற ஒவ்வொருவருக்கும் மயோர்க்கின் இரண்டு பிரதிகளும் பழுதாகியிருந்தன. ஒரு பிரதி மட்டும் பழுதாக இருந்த உறவினர்களுக்கு நோய் இல்லை. எலிகளில் இந்த மரபணுவை நீக்கிவிட்டு அவர்கள் காத்திருந்தார்கள். ஒன்பதாம் மாதத்தில் அந்த எலிகளின் மூளையிலும் கால்சியம் படிந்தது. எலி மூளையில் இந்த மரபணு எந்தச் செல்லில் இயங்குகிறது என்று தேடியபோது, நரம்புச் செல்லில் அல்ல, ஆஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் வடிவத் துணைச் செல்களில் என்று தெரிந்தது.

தசைக்கு என்ன ஆனது? அதன்பின் பிரான்ஸ், இத்தாலி, இஸ்ரேல், ஈரான், துருக்கி என்று பல நாடுகளிலிருந்து வந்த நோயாளி விவரங்களில் முன்னால் நிற்பது பேச்சும் நடையும்தான். தசை மெலிவு இந்த நோயின் அடையாளமாக எழுதப்படவில்லை. முழு உடலில் வளர்ச்சிக் காரணிகள் ரத்தத்தின் வழியே பல இடங்களிலிருந்து வந்து சேர்கின்றன. தட்டில் கிடக்கும் செல் தன் கையையே நம்பியிருக்கிறது. இந்த வேறுபாடே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஸ்கிரிப்ஸ் ஆய்வை இதனால் வீண் என்று தள்ளிவிட முடியாது. புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் எந்தப் பகுதி வேலை செய்கிறது, வெட்டும் வேலை போனால் எல்லாம் போகிறது என்பவற்றை அந்த ஆய்வுதான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது.

அந்த நொதி எதைத்தான் வெட்டுகிறது என்ற கேள்விக்கு 2022இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகமும் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகமும் சேர்ந்து விடை தந்தன. அதுவரை இதை ஒரு குளுகோசிடேஸாக இருக்கும் என்றே கருதியிருந்தார்கள். படிகமாக்கி அமைப்பைப் படம் பிடித்தபோது அது காலக்டோஸ் என்ற சர்க்கரையை வெட்டும் ஆல்ஃபா காலக்டோசிடேஸ் என்று தெரிந்தது. அதுவும் கண்டதையெல்லாம் வெட்டுவதில்லை. குளுகோஸோடு குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பிணைந்த காலக்டோஸை மட்டும் தேர்ந்து வெட்டுகிறது. நோயாளிகளிடம் கண்ட பல பிறழ்வுகள் இந்த வேலையைக் குலைக்கும் இடங்களில் இருப்பதும் புலப்பட்டது.

சர்க்கரையை வெட்டும் நொதிக்கும் பாஸ்பேட் உப்புக்கும் என்ன உறவு? என்னை இந்த விஷயத்தில் மிகவும் ஈர்த்த பகுதி இதுதான். 2024இல் 'நியூரான்' இதழில் வந்த ஆய்வு ஆஸ்ட்ரோசைட் செல்லைக் கூர்ந்து பார்த்தது. பாஸ்பேட்டை உள்ளிழுக்கும் பிட்2 அந்தச் செல்லின் கிளைகள் முழுதும் பரவியிருக்கிறது. வெளித்தள்ளும் எக்ஸ்.பி.ஆர்.1 ரத்தக் குழாயைத் தழுவி நிற்கும் அதன் பாதங்களில் குவிந்திருக்கிறது. மூளைத் திசுவில் மிகும் பாஸ்பேட்டைக் கிளைகளால் உறிஞ்சி, பாதத்தின் வழியாக ரத்தத்தில் விடுகிறது அந்தச் செல். வயலில் தேங்கும் நீரை வாங்கி ஆற்றில் விடும் வடிகாலைப் போல. பிட்2 உறிஞ்சுவதற்குத் துணை செய்வது மயோர்க் என்று அந்த ஆய்வு காட்டியது. 2012இலிருந்து தனித்தனியாகக் கிடைத்த மூன்று மரபணுக்கள் இதன்மூலம் ஒரே செல்லின் ஒரே வேலைக்குள் வந்து பொருந்தின. உள்ளிழுப்பது ஒன்று, வெளித்தள்ளுவது ஒன்று, உள்ளிழுப்பதைச் சீராக வைப்பது ஒன்று. மயோர்க்கைப் போலவே இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் தரும் ஒடுங்கு வகை மரபணு இன்னொன்று, 2020இல் கண்டறியப்பட்ட ஜேம்2; அது செல்களுக்கு இடையேயான ஒட்டுதலைச் சேர்ந்தது. வளர்ச்சிக் காரணி மரபணுக்கள் இரண்டும் குழாய்ச் சுவரைச் சேர்ந்தவை. ஏதோ ஒரு வகையில் எல்லாமே ரத்தக் குழாயும் மூளையும் சந்திக்கும் எல்லையில்தான் இருக்கின்றன.

இனி நோயாளியின் பக்கம் வருவோம். மயோர்க் நோய் பெரும்பாலோருக்கு நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் தலைகாட்டுகிறது. முதலில் நாக்கு குழறும். சொல் தெளிவாக விழாது, வேகம் குறையும். பிறகு நடை தள்ளாடும், காலை அகட்டி வைக்க வேண்டிவரும். சிலருக்குப் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல் உடல் விறைத்து அசைவுகள் மந்தமாகும். நினைவும் நிதானமும் தளரலாம், மனச்சோர்வு வரலாம். ஸ்கேனில் மூளை நடுப்பகுதித் திட்டுகளோடு சிறுமூளையிலும் படிவு இருக்கும், சிறுமூளை சுருங்கியும் இருக்கும். மூளைத்தண்டின் 'பாலம்' என்ற பகுதியிலும் படிவு தெரிந்தால் மருத்துவர் மயோர்க்கை நினைக்க வேண்டும்; மற்ற மரபணுக்களில் அது அரிது. எம்ஆர்ஐ படத்தில் கால்சியம் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், எம்ஆர்ஐ விலை கூடியதாக இருந்தாலும் இதற்கு உகந்தது சிடி ஸ்கேன்தான்.

குழறும் பேச்சு, தள்ளாடும் நடை. நம் மக்களிடையே இந்த இரண்டும் சேர்ந்தால் முதலில் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. குலுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை அறிந்த சமூகம் இது. அதனாலேயே ஐம்பது வயது ஆண் ஒருவர் நாக்கு குழறித் தள்ளாடினால் கேள்வி கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பெண்ணாக இருந்தால் பயந்துவிட்டாள், காத்து கருப்பு பட்டுவிட்டது என்று வேறு திசையில் போகிறார்கள். குடிக்காத ஒருவர் குடிகாரர் என்ற பெயரோடு பத்து வருடம் வாழ்வது நோயைவிடக் கொடியது. அவருடைய கூடப் பிறந்தவர்களில் இன்னொருவருக்கும் அதே வயதில் அதே குழறல் வந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டியது குடும்பத்தின் கடமை. அந்த ஒரு தகவல் விலை உயர்ந்த பல பரிசோதனைகளைவிட வேகமாக வழி காட்டும்.

அடுத்து, தமிழர்கள் என்ற முறையில் நாம் தயங்காமல் பேச வேண்டிய இடம். மயோர்க் நோய் ஒடுங்கு வகை. இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டும். தாய் ஒன்று, தந்தை ஒன்று கொடுத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அரிதான ஒரு பழுதை முன்பின் தெரியாத இருவரும் ஒருங்கே சுமப்பது மிக அபூர்வம். உறவினர் இருவர் சுமப்பது அத்தனை அபூர்வம் அல்ல. இருவருக்கும் அது ஒரே பாட்டனிடமிருந்து வந்திருக்கலாம். அத்தை மகள், மாமன் மகன் என்று முறை பார்த்துக் கட்டுவது தமிழ்நாட்டில் இன்றும் கணிசமாக இருக்கிறது. இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வுகளில் உறவுத் திருமணம் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு எப்போதும் மேலே நிற்கிறது. மலேசியாவும் இதைச் சட்டத்திலேயே அறிந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு மாமா மருமகள் திருமணத்தைத் தடை செய்கிறது. ஆனால் இந்து ஒருவர் தம் வழக்கப்படி அக்காள் மகளையோ தங்கை மகளையோ மணப்பதற்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய்க்கு மயோர்க் நோய். அவருடைய இரண்டு பிரதிகளும் பழுது என்பதால் மகளுக்குப் பழுதான ஒரு பிரதி கட்டாயம் போயிருக்கும். மகள் நோயாளி அல்ல, சுமப்பவர். அந்தத் தாயின் தம்பிக்கு நோய் இல்லை என்று உறுதியானால், அவர் சுமப்பவராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. மகளைத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு ஆறில் ஒன்று. அந்தத் தாய்மாமனின் மகனுக்குக் கொடுத்தால் பன்னிரண்டில் ஒன்று. உறவு அல்லாத ஒருவரைக் கட்டினால் வாய்ப்பு மிகச் சிறியதாகிவிடுகிறது. நோய் நடு வயதில்தான் தெரியும் என்பது இதில் பெரிய சிக்கல். முப்பது வயதுத் தம்பிக்கு இப்போது ஒன்றும் இல்லை என்பதை மட்டும் வைத்து அவருக்கு நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மகளுக்குக் கல்யாணம் பேசும் காலத்தில் தாய்க்கும் நோய் வெளிப்பட்டிருக்காது. இருந்தாலும் உறவுக்குள் கொடுத்து வாங்கும் வழக்கத்தை மொத்தமாகப் பழித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. உறவுத் தம்பதிகளின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது இரு பக்கமும் கால்சியம் படிந்த ஸ்கேன் இருந்தால், காரணம் எந்த மரபணு என்று தெரியும்வரை அந்தக் குடும்பத்துக்குள் மட்டும் உறவுச் சம்பந்தத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. காரணம் எஸ்.எல்.சி.20ஏ2 போன்ற ஓங்கு மரபணு என்று தெரிந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். உறவில் கட்டினாலும் அயலில் கட்டினாலும், பழுதைச் சுமக்கும் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு அந்தப் பிரதி போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மரபணுவின் பெயர் தெரிவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்த வேறுபாடே போதும்.

நேரடி உறவு இல்லாவிட்டாலும் நாம் முற்றிலும் அயலார் அல்ல. 2017இல் 'நேச்சர் ஜெனட்டிக்ஸ்' இதழில் ஹைதராபாத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை அளந்தது. அவற்றில் 81 குழுக்கள், அரிய மரபுநோய்களுக்குப் பெயர்போன ஃபின்லாந்து மக்களைவிடவும் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று கண்டது. நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணந்ததன் விளைவு இது. ஜொகூருக்கு இதில் இன்னொரு அடுக்கும் சேர்கிறது. ரயில் பாதை 1909இல் ஜொகூர் பாரு வரை வந்த காலத்தையொட்டி ரப்பர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தங்கள் சொந்த ஊரிலும் சொந்தபந்தத்திலும் ஆள் சேர்த்தார்கள். ஒரே கிராமத்தின் சில வீடுகள் ஒரே லயத்தில் குடியேறி, அடுத்த தோட்டத்திலேயே பெண் எடுத்துக் கொடுத்தால், பூர்வீகக் கிராமத்தில் அரிதாக இருந்த ஒரு பழுது இங்கே அத்தனை அரிதாக இல்லாமல் போகலாம். மரபியலாளர்கள் தேடிப் பார்க்கத் தகுந்த இடம் இது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. மயோர்க் கண்டறியப்பட்டது ஃபூச்சோவில். பத்து பகாட் மாவட்டத்தின் யோங் பெங்கில் ஃபூச்சோவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அதற்காக இதை அவர்களுடைய நோய் என்று எண்ணுவது தவறு. நோயாளிகளைத் தேடிய மருத்துவர்கள் ஃபூச்சோவில் இருந்ததால்தான் முதல் குடும்பங்கள் சீனாவில் அகப்பட்டன. மறு ஆண்டே மத்தியதரைக் கடல் நாடுகளிலும் மேற்காசியாவிலும் குடும்பங்கள் கண்டறியப்பட்டன.

தேடுவதற்கான கருவிகள் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. 1,056 மீட்டர் நீளமுள்ள பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், 2019இல் வெளியான எஸ்ஜி10கே ஆய்வு 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தது. அவர்களில் 1,127 பேர் இந்தியர். சிங்கப்பூர் இந்தியர்களில் தமிழர்களே பெரும்பான்மை என்பதால், ஜொகூர்த் தமிழர் ஒருவரிடம் காணும் பிறழ்வு நோய்க்குக் காரணமா, நம்மவர்களிடையே சாதாரணமாக உள்ள வேறுபாடா என்று ஒப்பிட இந்தத் தொகுப்பு உதவும். உலகப் பொதுத் தொகுப்பான ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களின் மாதிரிகளும் உள்ளன.

ஜொகூரில் ஒருவர் எங்கே தொடங்குவது? கிளினிக் கெசிஹாத்தானில் ஸ்கேன் அறிக்கையைக் காட்டி, முதலில் கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு பரிசோதனைகளைக் கேட்கலாம். அவை சரியாக இருந்து பேச்சிலோ நடையிலோ மாற்றமும் இருந்தால், நரம்பியல் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். போகும்போது மூன்று தலைமுறைக் குடும்ப மரம் ஒன்றை ஒரு தாளில் வரைந்து எடுத்துப்போவது நல்லது. யார் யாருக்கு என்ன வயதில் என்ன வந்தது, பெற்றோர் உறவில் மணந்தவர்களா, தாத்தா பாட்டி எந்த ஊர் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உறவில் கல்யாணம் என்பதைச் சொல்ல நம்மவர்களில் பலர் கூச்சப்படுகிறார்கள். மருத்துவருக்கு அது குறை சொல்லும் விஷயம் அல்ல. ஓங்கு மரபணுவைத் தேடுவதா ஒடுங்கு மரபணுவைத் தேடுவதா என்று தீர்மானிக்கும் தகவல். மரபணு ஆலோசனைக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் துறையும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் நாட்டின் முக்கிய இடங்கள்.

சிகிச்சை என்று பார்த்தால், படிந்த கால்சியத்தை அகற்றும் மருந்து இன்று இல்லை. எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்பொனேட் மருந்துகளைச் சில நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். உறுதியான பலன் என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. விறைப்புக்கும் மந்த அசைவுக்கும் லெவோடோபா சிலருக்கு ஓரளவு உதவும். வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் தனித்தனி மருந்துகள் உண்டு. குழறும் பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சி, தள்ளாடும் நடைக்கு இயன்முறைப் பயிற்சி, வீட்டுக் குளியலறையில் ஒரு கைப்பிடி; இவை சின்னவையாகத் தோன்றினாலும் விழுந்து இடுப்பு முறிவதைத் தடுப்பவை.

நம்பிக்கைக்கு இடம் தருவது நோயின் இயல்புதான். மயோர்க் நோயில் கேடு செய்யும் புதிய புரதம் எதுவும் உருவாவதில்லை. இருக்க வேண்டியது இல்லாமல் போவதே கேடு. இல்லாததைக் கொடுப்பது, இருப்பதை அடக்குவதைவிட எளிய இலக்கு. மயோர்க் புரதத்தில் 714 அமினோ அமிலங்கள். அதற்கான குறிப்பு ஏறத்தாழ 2,140 எழுத்து நீளம். மரபணு சிகிச்சைக்குச் சுமைவண்டியாகப் பயன்படும் ஏஏவி என்ற வைரஸ் சுமார் 4,700 எழுத்துவரை சுமக்கும் என்பதால் இது அதற்குள் தாராளமாக அடங்கும். பிட்2 இல்லாத எலிகளின் ஆஸ்ட்ரோசைட் செல்களுக்கு மட்டும் அந்த மரபணுவைத் திருப்பிக் கொடுத்தபோது மூளையில் கால்சியப் படிவு குறைந்தது என்பதை 2024 ஆய்வு காட்டியிருக்கிறது. மனித மூளையில் அத்தனை பரந்த இடத்தில் உள்ள ஆஸ்ட்ரோசைட்டுகளை எட்டுவது கடினமான பொறியியல். ஏற்கெனவே படிந்தது கரையுமா என்பதும் வேறு கேள்வி. ஆகவே அப்படியொரு சிகிச்சை வந்தால் அதனால் முதலில் பயன்பெறக் கூடியவர்கள், ஸ்கேனில் திட்டு தெரிந்தும் பேச்சு இன்னும் குழறாத தம்பி தங்கைகள். அவர்களுக்கு இன்றே சிடி ஸ்கேனும் மரபணுப் பரிசோதனையும் வேண்டுமா என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேச, நாக்கு குழறும் அக்காளின் கோப்பில் மரபணுவின் பெயர் முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.